பிராட்காஸ்ட் ஏன் போய்ச் சேரவில்லை? கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் கடை வாட்ஸ்அப்பிலிருந்து 240 பேருக்கு பிராட்காஸ்ட் (ஒரே செய்தி, பட்டியலில் உள்ள எல்லோருக்கும் தனித்தனியாக) அனுப்புகிறோம். முப்பது நாற்பது பேருக்குத்தான் இரண்டு டிக் விழுகிறது. எண்ணை முடக்கிவிட்டார்களா? (ஜவுளிக்கடை, சின்னாளபட்டி)

முடக்கவில்லை. பிராட்காஸ்டின் விதியே அதுதான். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். அவர்கள் எண் உங்களிடம் இருந்தால் மட்டும் போதாது, மற்றவர்களுக்கு ஒற்றை டிக்கோடு நின்றுவிடும். ஸ்டேட்டஸும் இப்படித்தான்: இரு பக்கமும் எண்ணைச் சேமித்திருந்தால்தான் கண்ணில் படும். ஒரு பட்டியலில் 256 பேர் என்ற வரம்பைத் தாண்ட இன்னொரு பட்டியல் போடலாம். ஆனால் சேமிக்காதவர்களை எத்தனை பட்டியலில் போட்டாலும் பயனில்லை.

ஆகவே, எண்ணை அவர்களாகவே சேமிக்கும்படி செய்ய வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 'பிசினஸ் டூல்ஸ்' பகுதிக்குள் 'ஷார்ட் லிங்க்' இருக்கிறது. அதைத் திறந்து, முதல் செய்தியை நீங்களே எழுதி வைக்கலாம்: 'சுங்குடி புது சரக்கு படம் அனுப்புங்கள்' என்பது போல. அதன் கியூஆர் அட்டையை பில் போடும் மேசையில் வையுங்கள். வாசலில் ஒட்டினால் யாரும் நின்று ஸ்கேன் செய்ய மாட்டார்கள். பணம் கொடுத்துவிட்டுப் பைக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம்.

செயலியில் வாழ்த்துச் செய்தியை எழுதி இயக்கி வைத்தால், அவர்கள் அனுப்பியதும் அது தானாகப் போகும். முதல் முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சு இல்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் அது போகும். அதில் மூன்று வரி போதும். 'இந்த எண்ணைச் சேமித்து வைத்தால் புது சரக்கு வந்ததும் படம் வரும். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் அனுப்ப மாட்டோம். போதும் என்று தோன்றினால் "வேண்டாம்" என்று எழுதுங்கள், நிறுத்திவிடுகிறோம்.'

'வேண்டாம்' என்றவருக்கு அன்றைக்கே ஒரு லேபிள் ஒட்டிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மறுவாரமும் படம் போனால் அவர் 'பிளாக்' செய்வார், கூடவே 'ரிப்போர்ட்' செய்யவும் கூடும். அப்படிப் பலர் செய்யும்போதுதான் எண் உண்மையிலேயே முடங்கும். மீதிப் பேரையும் லேபிளால் பிரியுங்கள்: சுங்குடி கேட்பவர், பட்டு கேட்பவர், மொத்தமாக எடுப்பவர். சுங்குடி கேட்டவருக்குப் பட்டுப்புடவைப் படம் நாலு முறை போனால் ஐந்தாவதை அவர் திறக்கவே மாட்டார்.

கல்யாண மண்டபத்தில் வாங்கிய 3,000 எண்கள் இருக்கின்றன. அனுப்பலாமா? (நகைக்கடை, கரூர்)

கூடாது. அவர்கள் எண் கொடுத்தது மண்டபத்துக்கு, உங்களுக்கு அல்ல. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: எந்தக் காரியத்துக்காகச் சம்மதம் பெறப்பட்டதோ அதற்கு மட்டுமே தரவைப் பயன்படுத்த வேண்டும். உங்கள் கடையில் எண் வாங்கும்போதும் எதற்காக என்பதைத் தமிழில் ஒரு வரி அச்சடித்து, டிக் செய்ய ஒரு கட்டம் விடுங்கள்.

எஸ்எம்எஸ் தமிழில் அனுப்பினால் ஒன்றுக்கு மூன்று கட்டணம் பிடிக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம், ஈரோடு)

ஏமாற்று இல்லை, எழுத்துக் கணக்குதான் வேறு. ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழ், பல மொழி எழுத்துகளுக்கான யுனிகோட் என்ற குறியீட்டில் போவதால் 70 மட்டுமே. 71 ஆனதும் இரண்டாக உடைத்து அனுப்புவார்கள். உடைத்தால் ஒவ்வொரு துண்டிலும் 67 தான் கொள்ளும், மீதி இடம் துண்டுகளைச் சேர்ப்பதற்கான குறிப்புக்குப் போய்விடும். ஆக 134 வரை இரண்டு கட்டணம், 201 வரை மூன்று.

நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது பல இடங்களில் போனுக்கு இரண்டு என்பதையும் கவனியுங்கள். 'கு' என்றால் க-வும் உகரக் குறியும். 'ம்' என்றால் ம-வும் புள்ளியும். 'வாடிக்கையாளர்களுக்கு' கண்ணுக்கு 11 எழுத்து, கணக்கில் 20. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு' என்று தொடங்கினால் இடைவெளியோடு 35. சேதி தொடங்கும் முன்பே பாதி இடம் தீர்ந்துவிட்டது! அந்த விளிப்பை முதலில் வெட்டுங்கள். 'உங்கள் சேலை தயார். கடைக்கு வரலாம்.' என்பது இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 34 தான். அதே அளவில் உங்கள் சங்கத்தின் தவணை நினைவூட்டலையும் எழுத முடியும். மீதி இடத்தில் சங்கத்தின் பெயரும் தொகையும் அடங்கும்.

ஆங்கிலத்தில் அனுப்பினாலும் ஒரு கண்ணி உண்டு. ₹ குறியோ ஓர் இமோஜியோ ஒன்றே ஒன்று நுழைந்தாலும் முழுச் செய்தியும் யுனிகோடாகி, வரம்பு 70-க்கு இறங்கிவிடும். வேர்டிலிருந்து ஒட்டினால் வரும் வளைந்த மேற்கோள் குறியும் இதையே செய்யும்.

செய்தி போகவே இல்லையென்றால் டிஎல்டியை, அதாவது வணிக எஸ்எம்எஸ்ஸுக்கான பதிவுத் தளத்தைப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தியின் வாசகம் மூன்றும் பதிவாகியிருக்க வேண்டும். பதிந்த வாசகத்தில் மாறும் இடம் என்று குறித்தவை தவிர மற்றவை அப்படியே இருக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றினாலும் நெட்வொர்க்கிலேயே நின்றுவிடும். 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டியே பதியாத இணைய லிங்க் உள்ள செய்தியும் நிறுத்தப்படுகிறது.

வாட்ஸ்அப் ஏபிஐ (மென்பொருள் வழியே செய்தி அனுப்பும் வசதி) எடுத்திருக்கிறோம். 'ஆர்டர் அனுப்பப்பட்டது' டெம்ப்ளேட்டை (முன்கூட்டி ஒப்புதல் பெறும் செய்தி வாசகம்) 'மார்க்கெட்டிங்' வகை என்று மாற்றிவிட்டார்கள். (மசாலா தயாரிப்பு நிறுவனம், திண்டுக்கல்)

கடைசி வரியைப் பாருங்கள். 'அடுத்த ஆர்டருக்கு 10% தள்ளுபடி' என்று அநேகமாக எழுதியிருப்பீர்கள். அந்த ஒரு வரியே போதும். அதை எடுத்துவிட்டு, ஆர்டர் பற்றிய தகவலை மட்டும் சொல்லும் 'யுட்டிலிட்டி' வகையில் மறுபடி சமர்ப்பியுங்கள், தள்ளுபடியைத் தனி டெம்ப்ளேட்டாக வையுங்கள். பெயர், ஆர்டர் எண் போன்ற மாறும் இடத்தை வாசகத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வைத்தாலும், இரண்டை ஒட்டி வைத்தாலும் நிராகரிப்பார்கள்.

2025 ஜூலை 1 முதல் கட்டணம் ஒவ்வொரு டெம்ப்ளேட் செய்திக்கும் தனித்தனி. ஆனால் வாடிக்கையாளர் எழுதி 24 மணி நேரத்துக்குள் நீங்கள் அனுப்பும் சாதாரணப் பதிலுக்கும், யுட்டிலிட்டி செய்திக்கும் கட்டணம் இல்லை. பேக்கிங் முடிந்ததும் 'எந்த முகவரிக்கு?' என்ற கேள்விக்கு அவரைப் பதில் எழுத வைத்தால், அந்த 24 மணி நேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இன்ஸ்டாகிராமில் விலை கேட்பவர்களை 'டிஎம் வாங்க' (தனிச் செய்தியில் வாருங்கள்) என்று கூப்பிடுகிறோம். பாதிப்பேர் வருவதில்லை. (கைவினைப் பொருட்கள், தஞ்சாவூர்)

விலையைப் பதிவிலேயே எழுதுங்கள். தலையாட்டி பொம்மை எத்தனை அங்குலம், என்ன விலை, தபால் செலவு தனியா என்ற மூன்றும் படத்துக்குக் கீழே முதல் வரியில் இருக்கட்டும். விலை தெரியாமல் உள்ளே வருபவர் பேரம் பேசத்தான் வருகிறார். தெரிந்து வருபவர் வாங்க வருகிறார். போட்டியாளர் பார்த்துவிடுவார் என்ற பயம் வேண்டாம், அவர் இன்னொரு கணக்கிலிருந்து ஏற்கெனவே கேட்டிருப்பார்.

கூகுளில் ஒரு நட்சத்திரம் கொடுத்து 'சாம்பார் புளித்துவிட்டது' என்று எழுதிவிட்டார். நீக்க முடியுமா? (உணவகம், திருநெல்வேலி)

முடியாது, நீக்கப் பார்க்கவும் வேண்டாம். வசைச்சொல், வேறு கடைக்கான புகார், போட்டியாளர் எழுதியது போன்ற கொள்கை மீறல்களைத்தான் கூகுள் எடுக்கும். சாம்பார் புளித்தது என்பது ஒருவரின் அனுபவம்.

பதிலைக் கோபம் ஆறிய பிறகு, ஆனால் மறுநாளைக்குள் எழுதுங்கள். அதை அவரைவிட, நாளைக்கு சாப்பிட இடம் தேடும் நூறு பேர் படிப்பார்கள். 'ஞாயிறு மதியச் சாம்பார் மாலைவரை பரிமாறப்பட்டிருக்கிறது. தவறு எங்களுடையது. இனி மதியம் வைத்ததை மூன்று மணிக்கு மேல் பரிமாறுவதில்லை.' எது நடந்தது, என்ன மாற்றினோம் என்ற இரண்டும் இதில் இருக்கிறது. 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்ற ஒரே வாசகத்தை இருபது ரிவ்யூவுக்கும் ஒட்டியிருந்தால், யாரும் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். மாற்றாததை மாற்றினோம் என்று எழுதவும் கூடாது. ஐந்து நட்சத்திரத்துக்கு இலவசக் காபி தருவது கூகுள் விதிக்கு எதிரானது.

யூடியூபரைக் கூப்பிட்டு இலவசமாகச் சாப்பாடு போட்டோம், பணம் தரவில்லை. அதுவும் விளம்பரமா? (உணவகம், மதுரை)

ஆம். பணம் மட்டுமல்ல, இலவசப் பொருளும் சாப்பாடும் தங்குமிடமும் கணக்கில் வரும். இது விளம்பரம் என்பதை வீடியோவுக்குள்ளேயே, தமிழ் வீடியோ என்றால் தமிழிலேயே சொல்ல வேண்டும். கீழே ஹேஷ்டேக் கும்பலில் ஒளித்தால் போதாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

கணக்குகளைப் பார்த்துக்கொண்ட பையன் வேலையை விட்டுவிட்டான். வாட்ஸ்அப் எண் அவன் பெயரில் இருக்கிறது. (மொபைல் கடை, விழுப்புரம்)

அவர் நல்லபடியாகப் பேசும்போதே முடித்துவிடுங்கள். சிம்மைக் கடை உரிமையாளர் பெயருக்கு மாற்ற, இருவரும் அடையாளச் சான்றோடு நெட்வொர்க் நிறுவனக் கிளைக்குப் போக வேண்டியிருக்கும். சிம் கைக்கு வந்ததும் கடை போனில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்து, ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணைப் புதிதாக வையுங்கள், மீட்பு மின்னஞ்சலையும் மாற்றுங்கள். அவர் வைத்த பழைய சரிபார்ப்பு எண் தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டிவரும். பிறகு 'லிங்க்டு டிவைசஸ்' பக்கத்தில் பெயர் தெரியாத கணினி எது இருந்தாலும் வெளியேற்றுங்கள். இன்ஸ்டாகிராமிலும் மின்னஞ்சல், போன் எண், கடவுச்சொல் மூன்றையும் ஒரே அமர்வில் மாற்றுங்கள். ஒன்றை விட்டுவைத்தால் அதன் வழியே மற்ற இரண்டையும் மீட்டுவிடலாம்.