டிஹியூமிடிஃபையர்: எந்த பிராண்டு என்று கேட்பதற்கு முன்னால்

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "படுக்கையறையில் ஓதம். அலமாரிக்குள் துணியெல்லாம் பூசண வாடை. காற்றின் ஈரத்தை இழுக்கிற டிஹியூமிடிஃபையர் வாங்கலாம் என்று மூன்று பிராண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று நாளைக்கு 20 லிட்டர் இழுக்குமாம். இன்னொன்று 12 லிட்டர்தான், ஆனால் விலை அதிகம். மூன்றாவது கைக்கு அடக்கமாக இருக்கிறது, விலையும் ரொம்பக் குறைவு, அறை முழுவதற்கும் போதும் என்கிறார்கள். எந்த பிராண்டு நல்லது?"

பிராண்டுக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்த 20, 12 என்ற எண்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உங்கள் அறையில் எடுத்ததில்லை. சோதனைக்கூடத்தில், குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் ஓட்டி எடுத்தது. நிறைய கம்பெனிகள் 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் சோதித்த எண்ணைப் போடுகின்றன. சில கம்பெனிகள் 27 டிகிரி, 60 சதவீதத்தில் சோதித்ததைப் போடுகின்றன. முதல் நிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். இரண்டாவதில் 15 கிராம்தான். காற்றில் நீர் அதிகம் என்றால் அதே மெஷின் அதிகமாகப் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம். 30 டிகிரியில் 20 லிட்டர் என்று எழுதிய மெஷினை 27 டிகிரி, 60 சதவீதத்தில் ஓட்டினால் 11, 12 லிட்டர்தான் வரும். அதாவது நீங்கள் பார்த்த முதல் இரண்டும் ஏறக்குறைய ஒரே திறன் கொண்டவையாக இருக்கலாம். ஒருவர் தாராளமான எண்ணைப் போட்டார், இன்னொருவர் கறாரான எண்ணைப் போட்டார்.

நான் மிகைப்படுத்தவில்லை. அமெரிக்காவில் 2019-ல் சோதனை வெப்பத்தை சுமார் 27 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு இறக்கினார்கள். அதுவரை நாளைக்கு 70 பைண்ட் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு) என்று விற்ற மெஷின் அதற்குப் பிறகு 50 பைண்ட் ஆகிவிட்டது. உள்ளே ஒரு திருகு கூட மாறவில்லை. நாட்டுக்கு நாடு ஒரு சோதனை, கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு. லிட்டர் எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், சோதித்த வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அச்சிட வைப்பது அப்படி என்ன பெரிய காரியம்? இத்தனை வருடமாகியும் அது கையேட்டின் கடைசிப் பக்கத்தில், லென்ஸ் வைத்துப் படிக்கிற எழுத்தில்தான் கிடக்கிறது. கடையில் விற்கிற பையனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவனுக்கே யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்: "இந்த லிட்டர் எந்த டிகிரியில், எத்தனை சதவீதத்தில்?" எழுத்தில் பதில் வராத மெஷினை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, அந்தக் குட்டி மெஷின். இதில்தான் ஜனங்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். விலையும் அளவும் நீங்கள் சொல்கிறபடி என்றால் உள்ளே கம்ப்ரசர் இருக்காது. பெல்டியர் என்று ஒரு சின்னத் தகடு இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிர்ந்த பக்கத்தில் ஈரம் சொட்டும். நாள் முழுக்க ஓடினாலும், நல்ல புழுக்கத்தில் கால் லிட்டர், மிஞ்சினால் அரை லிட்டர். நான்கு பேர் மூச்சு விட்டு, குளித்து, துணி காயப்போடும் வீட்டில் ஒரு நாளைக்கு அதைப் போலப் பல மடங்கு ஈரம் காற்றில் சேர்கிறது. "அறை முழுவதற்கும் போதும்" என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். சத்தம் அதிகம் வராதுதான், ஆனால் வேலையும் நடக்காது.

அதற்கு ஒரே ஒரு இடம் உண்டு: நன்றாக மூடிய சின்ன அலமாரி, அல்லது கேமரா, முக்கியமான காகிதங்கள் வைக்கும் பெட்டி. "நன்றாக மூடிய" என்பதைக் கவனியுங்கள். கதவிடுக்கில் ஒரு காகிதத்தைச் சொருகி மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடுக்கு வழியாக அறையின் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், மெஷின் தோற்றுப்போகும். பின்பலகை வெறும் தட்டியாக இருந்தாலும் அதே கதைதான். பலகை சுவரோடு ஒட்டியிருந்தால், சுவரின் ஓதம் மரம் வழியாகவே ஏறும். கதவு இறுக்கமாக இருந்து, பின்பலகை கெட்டியாக இருந்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளியும் இருந்தால் சரி, வாங்குங்கள். உங்களுக்கு ஓதம் அறையிலேயே இருக்கிறது, அதனால் இது உங்களுக்கு இல்லை.

சரி, பிராண்டு. கிரீ என்ற நிறுவனம் தயாரித்த டிஹியூமிடிஃபையர்கள் அதிகமாகச் சூடாகித் தீப்பிடிக்கின்றன என்று 2013-ல் அமெரிக்காவில் இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றார்கள். பட்டியலில் பன்னிரண்டு பிராண்டு பெயர்கள் இருந்தன, தயாரித்தது ஒரே நிறுவனம். 2021-ல் நியூ வைட்டெக் என்ற இன்னொரு தயாரிப்பாளருக்கும் இதே நடந்தது. சுமார் இருபது லட்சம் மெஷின்கள், இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். ஆக, இரண்டு பிராண்டுகளை ஒப்பிடுவதாக நினைத்து இரண்டு ஸ்டிக்கர்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கலாம். மெஷினின் பின்புறத் தகட்டில் மாடல் எண்ணோடு தயாரிப்பாளர் பெயரும் பல சமயம் இருக்கும். போட்டோ எடுத்து வந்து, அந்த இரண்டையும் போட்டுத் தேடுங்கள். திரும்பப் பெற்ற செய்தி இருந்தால் கண்ணில் படும்.

"சிறந்த பத்து டிஹியூமிடிஃபையர்கள்" என்று வரும் பட்டியல்களை அறவே ஒதுக்குங்கள். நீங்கள் அந்த இணைப்பை அழுத்தி வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன். மெஷினைத் தொட்டே பார்க்காமல் பெட்டியில் உள்ளதைத் திருப்பி எழுதுகிறவர்கள் அதில் ஏராளம். "இலவசமாக ஓதம் பரிசோதிக்கிறோம்" என்று வீட்டுக்கு வருகிறவரும் அப்படித்தான். சுவரில் இரண்டு ஊசியை அழுத்தி, சிவப்பு விளக்கைக் காட்டி, கையோடு ரசீது புத்தகத்தை எடுப்பார். "இதுவே அறையைக் குளிர வைக்கும்" என்று சொல்லி விற்பவரை உடனே அனுப்பிவிடுங்கள். டிஹியூமிடிஃபையர் அறையைச் சூடாக்கும். இழுக்கிற மின்சாரம் அத்தனையும், ஆவி தண்ணீராகும்போது வெளிவிடும் வெப்பமும் உங்கள் அறைக்குள்ளேயேதான் இருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வாங்குங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, குழைகிற அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரே ஜிப் பையில் அடைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் அது எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் அதை அறையில் ஒரு வாரம் வையுங்கள். ஈரப்பதம் நாள் பூராவும் 60-க்குக் கீழே இருந்தும், சுவரின் ஒரு பகுதி மட்டும் நனைந்து கிடந்தால், அது பெரும்பாலும் குழாய்க் கசிவோ வெளிச்சுவர் விரிசலோதான். எந்த பிராண்டும் அதைச் சரி செய்யாது, கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

60-க்கு மேலேயே நின்றால் மெஷின் வேண்டும். முதல் இரண்டில், ஒரே சோதனை நிலையில், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பாருங்கள். அது அதிகமாக உள்ளதை எடுங்கள். நாள் கணக்கு லிட்டரை வாட்டால் வகுக்க வேண்டாம், கையேட்டிலேயே அந்த எண்ணைக் கேளுங்கள். டேங்க் மூன்று நான்கு லிட்டர்தான் பிடிக்கும், நிறைந்தால் மெஷின் நின்றுவிடும், அதனால் ஹோஸ் மாட்டும் வாய் இருக்க வேண்டும். கம்ப்ரசருக்கு ஐந்து வருட வாரண்டி என்றால், கேஸ் போனாலும் ஆள் கூலியும் அதில் சேருமா என்று எழுதி வாங்குங்கள்.

வண்டியில் படுக்க வைத்து வந்திருந்தால், வீட்டில் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விட்ட பிறகு சுவிட்ச் போடுங்கள். ஜன்னல், கதவை மூடிவிட்டு 50-க்கும் 55-க்கும் நடுவில் வையுங்கள். 35-க்கு இறக்கினால் கரண்ட்தான் வீணாகும், மர அலமாரியும் விரிசல் விடலாம்.