வீட்டில் செய்யும் எலுமிச்சை கார்டியல் (தண்ணீர் கலந்து குடிக்கும் தெளிந்த பழச்சாற்றுப் பாகு) சில நாளிலேயே கசந்துவிடுகிறதே, கடையில் வாங்குவதுபோல் தெளிவாகவும் கசக்காமலும் செய்வது எப்படி?

நீங்கள் சாற்றையும் சீனியையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கசப்புக்குப் பெரும்பங்கு காரணம் அதுதான். அடுப்பில் ஏற வேண்டியது சீனியும் தண்ணீரும் மட்டுமே. சாற்றில் சூடு படவே கூடாது.

எலுமிச்சை விதையிலும், தோலுக்கு உள்பக்கம் இருக்கும் வெள்ளைச் சதையிலும் ஒரு பொருள் இருக்கிறது. பழத்துக்குள் இருக்கும்வரை அதற்குக் கசப்பே கிடையாது. பிழிந்த பிறகு புளிப்புச் சாற்றோடு கலந்து, மெதுவாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. சூடுபடுத்தினால் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும். பிழிந்தவுடன் தித்திப்பாக இருந்த சாத்துக்குடிச் சாறு, கொஞ்ச நேரம் வைத்திருந்தால் கசப்பதும் இதனால்தான். அதனால் சாத்துக்குடியில் கார்டியல் போட நான் யாருக்கும் சொல்வதில்லை, அதைப் பிழிந்த கையோடு குடித்துவிடுவதே நல்லது.

எங்கள் தென்காசிப் பக்கம் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கே சந்தையில் பழம் எடுப்பவர்கள் பார்ப்பதையே நீங்களும் பாருங்கள்: மஞ்சளாகப் பழுத்து, தோல் மெல்லிதாக வழுவழுவென்று, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். சொரசொரப்பான தடித்த தோல் என்றால் சாறு குறைவு, வெள்ளைச் சதை அதிகம்.

அளவு இதுதான்: அரை லிட்டர் சாறு, 1 கிலோ சீனி, அரை லிட்டர் தண்ணீர். அரை லிட்டர் சாற்றுக்கு நடுத்தர அளவில் 25 முதல் 30 பழம் தேவைப்படும். கையால் பிழியுங்கள், கடைசிச் சொட்டுக்காகத் தோலை நசுக்க வேண்டாம். விதையை உடனே வடிகட்டி எடுத்துவிட்டு, சாற்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி ஃபிரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். காலையில் சக்கை அடியில் படிந்திருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் அசைக்காமல் இறுத்துக்கொள்ளுங்கள். ஸ்குவாஷில் சக்கை இருக்கலாம், கார்டியல் தெளிவாக இருக்க வேண்டும்.

வாசனை சாற்றில் இருப்பதைவிடத் தோலில்தான் அதிகம். பிழிவதற்கு முன்பே எட்டுப் பத்துப் பழத்தின் மேல்தோலை மட்டும் மெல்லிய துருவியில் சீவிக்கொள்ளுங்கள், வெள்ளை தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். எடுத்து வைத்த 1 கிலோவிலிருந்து ஒரு கைப்பிடி சீனியை அதில் போட்டு விரல் நுனியால் பிசையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் சீனி ஈர மணல்போல் ஆகி, இளமஞ்சளாகும், சமையலறை முழுக்க மணக்கும். அதை மூடி ஒரு மணி நேரம் வைத்தால் தோலின் எண்ணெய் சீனியில் இறங்கிவிடும். (இந்த வேலையெல்லாம் முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துப்போகும்.)

மீதிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விடுங்கள். இதில் மட்டும் விதிவிலக்காக ஒரே ஒரு ஸ்பூன் சாறு விட்டால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும், எடுத்துவிடலாம். பாகில் பிறகு சீனி மீண்டும் கட்டிக்கொள்ளாமலும் இருக்கும். இதற்குக் கம்பிப் பதம் எதுவும் வேண்டாம், சீனி கரைந்து இரண்டு கொதி வந்தால் போதும். இறக்கி, வெதுவெதுப்பானதும் தோல் பிசைந்த சீனியைக் கலந்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். முழுதும் ஆறிய பிறகுதான் சாறு. எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் வையுங்கள், அலுமினியமும் பித்தளையும் இந்தப் புளிப்புக்கு ஆகாது.

இவ்வளவு சீனியா என்று குறைக்கத் தோன்றும், குறைக்காதீர்கள். 1867இல் ஸ்காட்லாந்தின் லாக்லின் ரோஸ் என்ற வணிகர் எலுமிச்சைச் சாற்றை மது சேர்க்காமல் சீனியைக் கொண்டே கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கப்பலில் போகிறவர்களுக்கு வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வராமலிருக்க அந்தச் சாறு தேவைப்பட்ட காலம் அது. கார்டியலில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை, கெடாமல் காப்பதும் அதுதான். ஆனாலும் மேலே சொன்ன அளவில் மொத்த எடையில் பாதிதான் சீனி, வெளியில் வைக்க அது போதாது. வெந்நீரில் கொதிக்கவிட்டு ஈரமில்லாமல் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜிலேயே வையுங்கள், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெளியில் வைக்க, கெடாமல் காக்கும் கேஎம்எஸ் (பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்) என்ற பொடியைப் போடுவார்கள். ஆஸ்துமா இருப்பவர்கள் சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, அதனால் வீட்டுக்குச் செய்யும்போது நான் சேர்ப்பதில்லை.

கமலா ஆரஞ்சிலும் இதே மாதிரி போடலாம். புளிப்பு போதாது என்பதால் கால் பங்கு எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள், சீனியையும் சற்றும் குறைக்க வேண்டாம்.

குடிக்கும்போது ஒரு பங்கு கார்டியலுக்கு நான்கு பங்கு பானைத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. சோடாவில் கலப்பதாக இருந்தால் முதலில் கார்டியலை ஊற்றிவிட்டு, சோடாவைத் தம்ளரின் ஓரமாகச் சாய்த்து விடுங்கள். அப்புறம் ஒரே ஒரு முறை கலக்கினால் போதும், கேஸ் போகாது.