சேற்று ஊரியின் வாசலைப் பாருங்கள்

கேள்வி: தம்பலகாமம் குடாவின் கரைச் சேற்றில் சுண்டுவிரல் நுனியளவு ஊரிகள் (சிறு நத்தைகள்) பொறுக்கினேன். எல்லா ஓடும் கூம்பாக, மணிமணியாகத்தான் இருக்கிறது. இவை ஒரே இனமா, பலவா? எப்படிப் பிரிப்பது சேர்?
– உயர்தர மாணவி, கிண்ணியா

பதில்: மகள், சேறு பூசி நுனி தேய்ந்த ஓடு யாரையும் ஏமாற்றும். ஊரி உள்ளே இழுத்துக்கொண்டு வாசலை அடைக்கிறதே, அந்தக் கபில நிற மூடியைப் பாருங்கள். கைவில்லை போதும். மூடி வட்டமாக, நடுவிலிருந்து நெருக்கமாகப் பல சுற்றுகள் சுற்றியிருந்தால் அது பொட்டாமிடிடே குடும்பம். கண்டல் ஓரச் சேற்றில் கூட்டமாக மேய்வது பெரும்பாலும் இதுதான். முட்டை வடிவில், சுழியின் மையம் ஒரு பக்கம் ஒதுங்கி, சில சுற்றுகளே இருந்தால் செரித்திடே. இலைபோல ஒரு முனை கூர்ந்திருந்தால் நசாரிடே. பலவற்றில் ஓரம் வாள்போலப் பல் பல்லாக இருக்கும்.

படிக்கிற காலத்தில் நான் ஒரு போத்தல் நிறைய ஊரி பொறுக்கி, அவித்து, ஓடுகளை மட்டும் கழுவிக் காயவைத்தேன். மூடிகள் சதையோடு போய்விட்டன. பாதி ஓடுகளுக்கு மேல் குடும்பம்கூடச் சொல்ல முடியவில்லை. அந்தக் கவலை இன்னும் இருக்கிறது.

அதனால் உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். நீர் வற்றிய நேரம் ஒரு சூடை மீன் தலையைச் சேற்றில் வையுங்கள். பக்கத்தில் நசாரிடே குடும்பத்து நசாரியஸ் இருந்தால், சேற்றைக் கிளப்பிக்கொண்டு, தும்பிக்கைபோல ஒரு குழாயை நீட்டி ஆட்டியபடி வந்து சேரும். செத்ததைத் தின்பது அதன் வழக்கம். பொட்டாமிடிடே ஊரி மீன் தலையைக் கவனிக்காது. சேற்றில் படிந்த நுண்பாசியை வழித்துத் தின்றுகொண்டு தன் பாட்டில் போகும். நாக்கிலுள்ள பல்லும் வேறு: பொட்டாமிடிடேக்கு வரிசைக்கு 7, நசாரிடேக்கு 3. அதைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும், பிறகு பார்க்கலாம்.

இனப்பெயருக்கு அவசரப்பட வேண்டாம், முதலில் குடும்பத்தைப் பிடியுங்கள். நம் களப்புகளில் சாதாரணமான ஓர் ஊரிக்கு 1791இல் கிமெலின் என்ற இயற்கையியலாளர் வைத்த பெயர் மியூரெக்ஸ் சிங்குலேட்டஸ். பிறகு முதற்பெயரை மாற்றிச் செரித்தீடியா என்றார்கள், இப்போது பிரினெல்லா சிங்குலேட்டா. புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறினாலும் ஊரி அதேதான்.

கொப்பியில் திகதி, இடம், சேறா மணலா கடற்புல்லா என்று எழுதுங்கள். மூடியை அதனதன் ஓட்டோடு சேர்த்துச் சிறு பையில் போடுங்கள். வகைக்கு இரண்டு மூன்று போதும் மகள், மற்றதை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.