பயத்துக்காக 20 லட்சம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: டெல்லியில் இருக்கிறோம். என் சம்பளமும் மனைவி சம்பளமுமாகக் கைக்கு மாதம் 1.4 லட்சம் வருகிறது. சேமிப்பு 30 லட்சம். யமுனைக் கரைப் பக்கம் லட்சுமி நகரில் புதிய பில்டர் ஃப்ளோர் (தனியார் கட்டி, தளம் தளமாக விற்கும் வீடு) 80 லட்சத்துக்கும், வசந்த் குஞ்சில் பழைய டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) ஃப்ளாட் 1 கோடிக்கும் பார்த்திருக்கிறோம். 2025 பிப்ரவரி 17 விடிகாலை நிலநடுக்கத்தில் கட்டில் ஆடியதிலிருந்து யமுனைப் பக்கமே வேண்டாம் என்கிறார் மனைவி. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. டெல்லி முழுவதையும் நிலநடுக்க அபாயத்தில் நான்காம் மண்டலம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் காலுக்குக் கீழே இருக்கும் மண் இடத்துக்கு இடம் மாறுகிறது. லட்சுமி நகர் யமுனை கொண்டுவந்து சேர்த்த மணலிலும் வண்டலிலும் நிற்கிறது. அப்படிப்பட்ட மண் அதிர்வைப் பெரிதாக்கும். நிலத்தடி நீர் மேலே இருந்தால், பலமாகக் குலுங்கும்போது மணல் சேறாக இளகவும் கூடும். வசந்த் குஞ்ச் பக்கம் ரிட்ஜ் எனும் டெல்லிக் குன்றுத் தொடரின் பாறை அதிக ஆழத்தில் இல்லை.

நிலத்தோடு விஷயம் முடியவில்லை. பில்டர் ஃப்ளோரின் தரைத்தளத்தைப் போய்ப் பாருங்கள். சுவரே இல்லாமல், ஒல்லித் தூண்கள் மேல் நான்கு மாடி, கீழே கார் பார்க்கிங் என்றால் எனக்குப் பயம்தான். 2001 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்குமாடிகள் சரிந்தன. மண் பரிசோதனை அறிக்கையும், தூண்களுக்குள் கம்பி எப்படிப் போட்டிருக்கிறது என்று காட்டும் வரைபடமும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம். பழைய டிடிஏ ஃப்ளாட்டையும் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் காட்டுங்கள். தூணில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்தால், பாறை மேல் இருந்தும் பயனில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். வசந்த் குஞ்ச் ஃப்ளாட்டுக்கு 70 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 60,700 ரூபாய். சம்பளத்தில் 43 சதவீதம் அதற்கே போய்விடும். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்துவிட்டால் முத்திரைத்தாள் கட்டணத்துக்குக்கூடக் கையில் காசு இருக்காது. அதனால் இரண்டுமே வேண்டாம் என்பேன். வசந்த் குஞ்ச் பக்கமே 75 லட்சத்துக்குள் ஒரு படுக்கையறை வீடு தேடுங்கள். கிடைக்கும்வரை அங்கேயே வாடகைக்கு இருங்கள்.

அப்புறம், கடனோடு வங்கி தலையில் கட்டும் காப்பீடு பெரும்பாலும் உங்கள் உயிருக்குத்தான். வீடு இடிந்தால் அது உதவாது, இ.எம்.ஐ. மட்டும் தொடரும். 'பாரத் கிரிஹ ரக்ஷா' பாலிசியைத் தனியாக எடுங்கள். அதில் நிலநடுக்கமும் அடக்கம். காப்பீட்டுத் தொகையைத் திரும்பக் கட்டும் செலவுக்குப் போடுங்கள், வாங்கிய விலைக்கு அல்ல.