மகள் கேம் புரோகிராமிங் கேட்கிறாள்: பாயான் லெப்பாஸ் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா.

எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்த மகள் கேம் புரோகிராமிங் படிக்கிறேன் என்கிறாள், "அது ஆம்பளப் பசங்க கூடாரம்" என்று மாமா தடுக்கிறார், அப்படித்தானே? மாமா சொல்வது முழுப் பொய்யில்லை. பெண் ஊழியர்களைப் பாகுபாட்டோடு நடத்தியதாக எழுந்த வழக்கை முடிக்க, அமெரிக்க கேம் நிறுவனமான ரயட் கேம்ஸ் 2021 டிசம்பரில் 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற இன்னொரு கேம் நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசுத் துறையே வழக்குப் போட்டது. இதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டாம். கண்ணைத் திறந்துகொண்டு போகட்டும்.

நீங்கள் பயப்படுவது பாலியல் தொல்லைக்கு. அதைவிட அடிக்கடி நடப்பது சத்தமில்லாத வேலைப் பங்கீடு. 1972ல் நம் மலேசியாவின் பினாங்கில் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது, சிப் பொருத்தும் வரிசையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். இஞ்சினியர் நாற்காலி பெரும்பாலும் ஆண்களுக்கு. கல்லூரிக் குழுவிலும் இதுதான் திரும்பும். ஐந்து பேர் சேர்ந்து கேம் செய்வார்கள். "உனக்குத்தான் நல்லா எழுத வருமே" என்று அறிக்கையும் ஸ்லைடும் உங்கள் மகளிடம் வரும், கோட் (கணினி நிரல்) எழுதுவது பையன்களிடம் போகும். மூன்று வருடம் கழித்து நேர்காணலில் "நீங்க எழுதின கோட்-ஐக் காட்டுங்க" என்றால் கையில் ஒன்றும் இருக்காது. யாரும் அவளைத் திட்டியிருக்க மாட்டார்கள், அதுதான் இதில் மோசம்.

ஆகவே முதல் வாரமே யார் எதை எழுதுவது என்று குழுவில் எழுத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேமில் பாத்திர அசைவு, எதிரியின் நடத்தை, விளையாட்டைச் சேமிக்கும் வசதி ஆகியவற்றில் ஒன்றாவது முழுக்க அவள் கையில் இருக்க வேண்டும். கோட்-ஐச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் சொந்தக் கணக்கிலிருந்தே அதை ஏற்ற வேண்டும். நண்பன் தன் கணினியிலிருந்து ஏற்றினால் யார் எழுதியது என்ற பதிவில் அவன் பெயர்தான் நிற்கும். தனியாகவும் ஒரு கேம் வேண்டும். ஐந்து நிமிடம் விளையாடக்கூடியது போதும், ஆனால் மெனு, ஒலி, முடிவு எல்லாம் இருக்க வேண்டும். கேம் செய்யும் மென்பொருளான கோடாட் இலவசம். பெரிய கதை கேமைத் தொடங்கிப் பாதியில் விடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஒரு நிமிட வீடியோவும் வையுங்கள். தேர்வு செய்பவர் எல்லோரும் கேமை இறக்கிப் பார்ப்பதில்லை.

கட்டணம் கட்டுமுன் படிப்புக்கு எம்கியூஏ (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பிடிபிடிஎன் எனும் அரசுக் கல்விக் கடன் கிடைக்காது.

இன்டர்ன்ஷிப்புக்குக் கோலாலம்பூர், சைபர்ஜெயா பக்கம் போக நேரலாம். கடிதத்தில் வேலை நேரம், அலவன்ஸ், மேற்பார்வையாளர் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். கேம் வெளியாகும் நேரத்தில் வேலை நள்ளிரவு வரை இழுக்கும். வீடு திரும்பும் வண்டிச் செலவு யாருடையது என்று முன்பே கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பயிற்சி மாணவர்கள் பல நேரங்களில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்குள் வருவதில்லை. 2022ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் எதிர்ப்புச் சட்டம் அவர்களுக்கும் கைகொடுக்கும். அதன் தீர்ப்பாயம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு தர உத்தரவிடலாம், பொதுவாக வக்கீல் வைக்கத் தேவையில்லை. சொல், படம், சைகை எல்லாம் இதில் அடங்கும், டிஸ்கார்ட் போன்ற அரட்டைச் செயலியில் வரும் செய்தியும் சேர்த்தி. கோபத்தில் உடனே அழித்துவிடுவதில்தான் கேஸ் கெட்டுப்போகிறது. தேதியும் அனுப்பியவர் பெயரும் தெரிய, முன்பின் செய்திகளோடு திரையைப் படம் பிடித்த பிறகே அனுப்பியவரைத் தடை (பிளாக்) செய்யச் சொல்லுங்கள்.

வேலைக்கு நேர்காணல் போகும்போது அலுவலகச் சுவரை ஒரு பார்வை பார்க்கட்டும். 2023 ஜனவரி முதல் பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பைக் கண்ணில் படும்படி ஒட்டுவது முதலாளியின் கடமை. அது இல்லாத இடத்தில், புகார் வந்தால் யார் விசாரிப்பார் என்று அவளே கேட்கலாம். "கல்யாணம் எப்போ?" என்று அவர்கள் கேட்டால், "இந்த வேலைக்கு என்ன திறமை தேவைன்னு சொல்லுங்க" என்று பேச்சைத் திருப்பலாம்.

மாமாவிடம் இப்போது வாதாட வேண்டாம். அந்த ஐந்து நிமிட கேமை முதலில் முடிக்கட்டும், அவர் கையில் போனைக் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள்.