கேமிங்குக்கு மானிட்டர் வாங்கப் போகிறேன். 144 ஹெர்ட்ஸ் போதுமா, 240க்குப் போகலாமா? பெட்டியில் "1 மில்லி செகண்ட்" என்று போட்டிருப்பதை நம்பலாமா?

இப்போது 60 ஹெர்ட்ஸில் விளையாடுகிறீர்கள் என்றால் 144க்கு மாறுங்கள், யோசிக்கவே வேண்டாம். ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. 60இல் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், 16.7 மில்லி செகண்ட் திரையில் நிற்கும். 144இல் 6.9தான். மவுஸைத் திருப்பினாலே வித்தியாசம் கையில் தெரியும். 240 ஹெர்ட்ஸில் அது 4.2 ஆகும். அதாவது முதல் தாவலில் கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் மிச்சம், அடுத்ததில் 3கூட இல்லை. வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி கேம்களை ரேங்க் ஏறும் வெறியோடு ஆடுபவர்களுக்கு அந்த மூன்றும் முக்கியம்தான். ஆனால் உங்கள் கிராபிக்ஸ் கார்டு 100 ஃபிரேம்தான் தருகிறது என்றால் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் நொடிக்கு 100 புதுப் படம்தான் வரும். அந்தக் காசைக் கார்டில் போடுங்கள்.

அடுத்து, அந்த "1 மில்லி செகண்ட்". அதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்குப் பிக்சல் மாறும் நேரத்தைத்தான் பெரும்பாலும் அப்படிப் போடுகிறார்கள். அதுவும் ஓவர்டிரைவை (பிக்சலை வேகமாக மாறத் தள்ளும் மானிட்டர் செட்டிங்) உச்சத்தில் வைத்து, கிடைத்த நல்ல எண்ணை. அதே செட்டிங்கில் விளையாடிப் பார்த்தால், ஓடும் எதிரியின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று கூடவே ஓடும். விலை குறைந்த விஏ (VA) வகைத் திரைப் பேனல்களில் பிரச்சினை வேறு: இருட்டான இடத்தில் திரும்பும்போது கறுப்பு நிறம் மை தீற்றியது போல இழுபடும். கறுப்பிலிருந்து கரும்சாம்பலுக்கு மாற அந்தப் பேனல்கள் அதிக நேரம் எடுப்பதுதான் காரணம். படம் பார்க்க விஏ அருமை, கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். சுடும் கேம் என்றால் என் ஓட்டு ஐபிஎஸ் (IPS) வகைப் பேனலுக்குத்தான். ஓஎல்இடி (OLED) வகைத் திரை இவை எல்லாவற்றையும் விட வேகம், ஆனால் விலையும் அப்படி. மணிக்கணக்கில் ஒரே கேம் ஆடுபவர்கள் பர்ன்-இன் (ஒரே படம் நெடுநேரம் நின்று அதன் தடம் திரையில் பதிந்துவிடுவது) பற்றியும் யோசிக்க வேண்டும்.

வாங்கியதும் டெஸ்ட்யூஎஃப்ஓ தளத்தைத் திறந்து, ஓடும் பறக்கும் தட்டைக் கண்ணால் தொடர்ந்தபடி ஓவர்டிரைவை ஒவ்வொரு படியாக மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் நடுப் படியில்தான் படம் சுத்தமாக இருக்கும்.

கார்டு தரும் ஃபிரேமுக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதிக்கு அடாப்டிவ் சிங்க் என்று பெயர்; என்விடியா தன் வடிவத்துக்கு வைத்த பெயர் ஜி-சிங்க். அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகள் சாதாரண அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களோடும் வேலை செய்கின்றன (ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து, டிஸ்ப்ளேபோர்ட் வழியாக). ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது படம் கிழியாமல் இருக்க அடாப்டிவ் சிங்க் உதவும். மானிட்டர் மெனுவில் ஆன் செய்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், பெட்டியோடு வரும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே போடுங்கள். மானிட்டரைச் செருகினாலும் விண்டோஸ் பல சமயம் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் நீங்களேதான் 144ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.