மகளுக்கு இன்னொரு நீட் முயற்சி... மனையை விற்கலாமா?

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 46. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 58,000 ரூபாய். வீட்டுக் கடனுக்கு 14,500 இ.எம்.ஐ. போகிறது, இன்னும் ஒன்பது வருடம் பாக்கி. மனைவிக்குத் தையலில் மாதம் ஆறேழாயிரம் வரும். மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, முதல் முறையாக நீட் எழுதினாள். அரசுக் கல்லூரியும் கிடைக்கவில்லை, தனியாரில் அரசு ஒதுக்கீடும் கிடைக்கவில்லை. "இன்னும் ஒரு வருஷம் படிச்சு எழுதறேன்பா" என்கிறாள். நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு கூடிய பயிற்சி மையத்தில் 1,80,000 ரூபாய் கேட்கிறார்கள். என் மைத்துனரோ, "ஒரு வருஷத்தை ஏன் வீணாக்கணும் மாமா, கிருஷ்ணகிரி மனையை வித்துட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேர்த்துடுங்க" என்கிறார். மனை 25 லட்சம் போகும். எஃப்.டி. 4 லட்சம், செல்வமகள் கணக்கில் 7 லட்சம், வீட்டில் 30 பவுன் நகை இருக்கிறது. மகன் ஒன்பதாம் வகுப்பு. என்ன செய்யட்டும்?

பதில்: மகளை எழுத வையுங்கள். மனையை விற்காதீர்கள். இந்த இரண்டும் சுலபமான பதில்கள். நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்று இருக்கிறது: அடுத்த வருடமும் இடம் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? அதை இப்போதே, மகளையும் உட்கார வைத்துப் பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோச்சிங் கட்டணத்தால் நொடித்துப்போன குடும்பத்தை நான் பார்த்ததில்லை. "ஏற்கெனவே ஒரு வருஷம் போச்சு, இதுக்கு மேல விட முடியாது" என்று கலந்தாய்வு நேரப் பதற்றத்தில் எழுபது லட்சம் ரூபாய் படிப்புக்குத் தலையாட்டிய குடும்பங்களைத்தான் பார்க்கிறேன்.

மைத்துனரின் யோசனையைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கட்டண நிர்ணயக் குழு அண்மை ஆண்டுகளில் வைத்த தொகை ஆண்டுக்குப் பதின்மூன்றரை லட்சம். நாலரை ஆண்டுக்கு அறுபது லட்சத்தைத் தாண்டும். ஹாஸ்டல், மெஸ், இதர கட்டணம் எல்லாம் சேர்ந்தால் எழுபதைத் தொடும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் பல இடங்களில் ஆண்டுக்கே இருபது லட்சத்துக்கு மேல். மனை விற்ற 25 லட்சம் இரண்டாம் வருட முடிவில் கரைந்துவிடும். மீதிக்குக் கடன்தான்.

ஆண்டுக்கு 8 லட்சமாக ஐந்து தவணையில் 40 லட்சம் கல்விக் கடன், வட்டி 10 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு, ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, அதற்கு மேல் ஒரு வருடம் என ஆறரை ஆண்டுகள் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 18 லட்சம் ஏறி, தவணை தொடங்கும் நாளில் கடன் 58 லட்சமாக நிற்கும். பதினைந்து வருடத்தில் அடைக்க வேண்டுமென்றால் இ.எம்.ஐ. சுமார் 62,000. எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்துத் தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகச் சேரும் பெண்ணுக்கு ஆரம்பத்தில் ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான் சம்பளம் பேசுவார்கள். மேற்படிப்பு வேறு பாக்கி இருக்கும். அன்றைக்கு உங்களுக்கு 53 வயது ஆகியிருக்கும், மகன் கல்லூரியில் இருப்பான். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கி பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கும். மனையை விற்றுவிட்டால் அடமானத்துக்கு மிஞ்சுவது குடியிருக்கும் வீடு, அதுவும் ஏற்கெனவே கடனில்.

வட்டிக்கு வருமான வரியில் 80-இ சலுகை உண்டே என்று யாராவது சொல்வார்கள். அது பழைய வரி முறையில்தான். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, ஆகவே இந்தச் சலுகையால் உங்களுக்கு ஒரு பைசா லாபமில்லை.

இப்போது 'வீணாகும் ஒரு வருடம்'. முதல் முயற்சி, அதுவும் பிளஸ் டூ பொதுத்தேர்வோடு சேர்த்து எழுதியது. முழு வருடம் அதற்கென்றே உட்கார்ந்தால் முன்னேற இடமிருக்கிறது. ஆனால் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறாள் என்பதை மதிப்பெண்ணில் அளக்காதீர்கள். 2024-ல் 17 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள். 2025-ல் முதலிடமே 686 தான். ஒரு வருடத்து மதிப்பெண்ணை அடுத்த வருடத்தோடு ஒப்பிட்டு "இன்னும் நாற்பது மார்க்தான்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. மாநிலத் தரவரிசைப் பட்டியலில் உங்கள் வகுப்புப் பிரிவுக்குள் அவளுடைய ரேங்க் என்ன, அந்தப் பிரிவில் கடைசியாக இடம் வாங்கியவரின் ரேங்க் என்ன என்று பாருங்கள். சில நூறு பேர் இடைவெளி என்றால் தைரியமாகப் பணம் கட்டலாம். பல ஆயிரம் என்றால் 1,80,000-ஐ எடுத்து வைப்பதற்கு முன் அவளுடைய பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். பயிற்சி மையத்தின் கவுன்சலரிடம் கேட்டால் "கண்டிப்பா கிடைக்கும் சார்" என்றுதான் சொல்வார், அது அவருடைய வேலை.

அந்த 1,80,000-க்கு வருவோம். பயிற்சி மையக் கட்டணத்துக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு. சொன்ன தொகை வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதிலேயே முப்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம் வரலாம். பிறகு அட்மிஷன் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். 'கட்டிய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்ற வரி அநேகமாக அங்கே இருக்கும். மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், மாணவர் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை, ஹாஸ்டல் பணம் உட்பட, பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்கிறது. அது வழிகாட்டுதல்தான், சண்டை போட்டு வாங்குவதற்குள் அடுத்த நீட்டே வந்துவிடும். அதனால் கொடுத்துவிட்டுக் கேட்பதைவிடக் கொடுக்காமல் வைத்திருப்பது நல்லது. ஒரே தவணையில் கட்டினால் பத்து சதவிகிதம் தள்ளுபடி என்று ஆசை காட்டினாலும் மூன்று தவணையாகக் கட்டுங்கள். ஹாஸ்டல் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டாம் மாதமே பெட்டியோடு வீடு திரும்பும் பிள்ளைகள் நிறைய.

இன்னொரு எச்சரிக்கை. 'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்று டேப்லெட்டில் கையெழுத்து கேட்பார்கள். நீங்கள் மையத்துக்குத் தவணை கட்டுவதாக நினைப்பீர்கள். உண்மையில் ஒரு நிதி நிறுவனம் முழுத் தொகையையும் மையத்துக்குக் கொடுத்துவிட்டு, உங்கள் பெயரில் கடன் எழுதிக்கொள்கிறது. பிள்ளை நின்றுவிட்டாலும் கடன் நிற்காது. கட்டாமல் விட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் கெடும். பிறகு கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போகும்போது அந்தக் கறை முன்னால் வந்து நிற்கும்.

பணம் எஃப்.டி.யிலிருந்து போகட்டும். கோச்சிங், தேர்வுக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் என்று வரம்பு கட்டுங்கள். மீதி ஒன்றரை லட்சம் குடும்பத்தின் அவசரத்துக்கு. செல்வமகள் கணக்கை இதற்குத் தொடாதீர்கள். பத்தாம் வகுப்பு முடித்த அல்லது 18 வயதான பெண்ணின் படிப்புக்கு, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். ஆனால் அதற்குக் கல்வி நிறுவனத்தின் அட்மிஷன் கடிதமோ கட்டண ரசீதோ வேண்டும். அந்த மூன்றரை லட்சம் கல்லூரி வாசலுக்கான பணம். நகையும் இப்போதைக்குப் பீரோவிலேயே இருக்கட்டும்.

சரி, அடுத்த வருடம். அரசுக் கல்லூரி கிடைத்தால் கல்விக் கட்டணம் சில ஆயிரங்கள்தான்; ஹாஸ்டல், மெஸ், புத்தகம் என்று வருடத்துக்கு ஒரு லட்சம் ஒதுக்கினால் போதும். தனியாரில் அரசு ஒதுக்கீடு கிடைத்தால் ஆண்டுக்குச் சுமார் நாலரை லட்சம். இதுவும் உங்களால் முடியும். ஆண்டுக்கு 3 லட்சமாக 15 லட்சம் கடன் வாங்கினால், மேலே போட்ட அதே கணக்கில் தவணை தொடங்கும்போது ஏறக்குறைய 22 லட்சம் நிற்கும். பத்து வருடத்துக்கு மாதம் 29,000. ஒரு இளம் டாக்டர் தன் சம்பளத்தில் கட்டக்கூடிய தொகை. மனைக்கு அப்ரூவல் இருந்தால் அதையே வங்கியில் அடமானமாகக் காட்டலாம், விற்க வேண்டியதில்லை. பிரதமரின் வித்யாலக்ஷ்மி திட்டத்தில் குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவிகித வட்டி மானியம் உண்டு. கல்லூரி அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது.

கோடு இங்கேதான். அரசு இடம் அல்லது தனியாரில் அரசு ஒதுக்கீடு, இதற்கு மேல் இல்லை. இரண்டும் வராவிட்டால் எந்தப் படிப்பு என்பதை மகளே சொல்லட்டும். கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். பி.எஸ்சி. நர்சிங்கும் அப்படியே. நீட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்து இந்த விண்ணப்பங்களின் கடைசித் தேதியைக் கோட்டைவிட்டவர்கள் எக்கச்சக்கம். எனவே தேர்வு எழுதிய கையோடு இவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். கலந்தாய்வில் மருத்துவ இடம் தேர்வு செய்யும்போது, சேராமல் விட்டால், நடுவில் நின்றால் என்ன அபராதம் என்ற பக்கத்தைப் படிக்காமல் பட்டனை அழுத்த வேண்டாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கான வைப்புத்தொகை மட்டுமே 2 லட்சம். பிந்தைய சுற்றுகளில் பின்வாங்கினால் அது போய்விடும்.

ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து உங்கள் செல்பேசி ஓயாது. "சேர்மனையே தெரியும், அஞ்சு லட்சம் அட்வான்ஸ்" என்பவரை அந்த நிமிடமே பிளாக் செய்யுங்கள். நிர்வாக ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகத்தான் நிரப்பப்படுகிறது. தமிழ்நாட்டில் நன்கொடை வசூலுக்கு 1992 முதல் தடைச் சட்டமே இருக்கிறது. ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்கு எந்தக் காவல் நிலையத்தில் போய் என்ன சொல்வீர்கள்?

அடுத்த அழைப்பு ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ். முப்பது லட்சத்தில் டாக்டர் என்பார்கள். அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி என்பதுதான் 2021 முதலான விதி. அந்தத் தகுதித் தேர்வில் பத்துப் பேர் எழுதினால் இரண்டு மூன்று பேர்தான் தேறுகிறார்கள். பாஸாகாத வருடங்களுக்கான செலவு ஏஜென்ட் காட்டும் பட்டியலில் இருக்காது.

வாசகர்கள் பலர் கேட்பதால் ஒரு வரி: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு, தனியார் கல்லூரி என்றாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உங்கள் மகள் படித்தது உதவிபெறும் பள்ளி என்பதால் அது பொருந்தாது.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. வீட்டுக் கடன் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், பெரிய வருமானம் உங்களுடையது ஒன்றுதான். உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு சொல் இல்லை. கம்பெனி தரும் குழுக் காப்பீட்டை நம்பாதீர்கள், வேலையை விட்டால் அதுவும் போய்விடும். கோச்சிங்குக்கு முதல் தவணை கட்டும் முன்பே 60 வயது வரைக்கும் ஒரு கோடிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். சர்க்கரை, பிரஷர் எது இருந்தாலும் படிவத்தில் மறைக்காதீர்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. நாமினியாக மனைவியின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்.